நெஞ்செரிவுக் குளிசை: பயந்து நிறுத்துவதா, கேட்டு மாற்றுவதா?

என் மாமா லாச்சப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறார். நள்ளிரவில் கடை பூட்டி, வீட்டுக்கு வந்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுவார். பதினொரு வருடமாக ஒவ்வொரு நாளும் ஒரு ஒமெப்பிரசோல் குளிசை. எதற்காக என்று கேட்டால் "அது கஸ்ரிக்குக்கு" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. மாமியும் அதே பெட்டியில் இருந்துதான் எடுத்துப் போடுவார். கடந்த வருடம் மாமாவுக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது ஏழு குளிசைகள் புதிதாகச் சேர்ந்தன. பழைய ஒமெப்பிரசோலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

மாரிகாலத்தில் ஒருநாள் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. இந்தக் குளிசை கிட்னியைத் தின்னும், எலும்பை உருக்கும், மறதியைக் கொண்டுவரும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். திங்கட்கிழமை மாமா குளிசையை நிறுத்தினார். வியாழக்கிழமை இரவு நெஞ்சு எரிந்து, புளித்த ஏவறை வந்து, கதிரையில் இருந்தபடியே விடியும்வரை விழித்திருந்தார். வெள்ளிக்கிழமை, மாமியின் தம்பி சென்னையில் இருந்து கொண்டுவந்து கொடுத்த வேறொரு குளிசையைப் போடத் தொடங்கினார். "இது ஊர் மருந்து, பக்க விளைவு இல்லை" என்பது அவர் நம்பிக்கை.

பதினாறு வயது மகள் அந்த அட்டையின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு, அட்டையையும் அப்பாவின் மற்ற மருந்துப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். மருந்தாளர் பார்த்துவிட்டு, இன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள் என்றார். மாமாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கலாம். எங்கள் வீடுகள் பலவற்றில் இதே பெட்டி இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குளிசை என்ன செய்கிறது?

எங்கள் இரைப்பை சாப்பாட்டைச் செமிக்க அமிலம் சுரக்கிறது. இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் உள்ள வளையத்தசை தளர்ந்தால் அந்த அமிலம் மேலே வரும். அதைத்தான் நெஞ்செரிவு என்கிறோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது, உடற்பருமன், புகைத்தல், மது எல்லாம் இதைக் கூட்டும்.

அமிலத்தைக் குறைக்கும் குளிசைகளில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. முதல் குடும்பம், ஹிஸ்டமின் சொல்லும் "சுரந்துவிடு" என்ற செய்தியைத் தடுப்பது. சிமெடிடின் 1976இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்கிற்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. ரனிடிடின், ஃபமோடிடின் இரண்டும் இதே குடும்பம். இரண்டாவது குடும்பம் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகளையே அடைத்துவிடுவது. சுவீடனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒமெப்பிரசோல் 1988இல் முதலில் விற்பனைக்கு வந்தது. பின்னர் லன்சோபிரசோல், பான்டோபிரசோல், ரபெபிரசோல், எஸோமெப்பிரசோல் என்று வரிசையாக வந்தன. பிரெஞ்சு வைத்தியர்கள் "இபேபே" என்று சொல்வது இவற்றைத்தான்.

பெட்டியில் கடைப் பெயர் எதுவாக இருந்தாலும் அதன் கீழே மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். அதன் வாலைப் பாருங்கள். "பிரசோல்" என்று முடிந்தால் பம்பை அடைப்பது. "டிடின்" என்று முடிந்தால் முதல் குடும்பம். மொப்றால், இனெக்சியம், இனிபொம்ப், ஒகாஸ்ட், பரியெட் எல்லாமே "பிரசோல்"தான். இது தெரியாமல் இங்கே எழுதித் தந்த ஒன்றையும் ஊரில் இருந்து வந்த ஒன்றையும் சேர்த்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுக்கிறார்கள். ஜெனரிக் பெட்டியின் நிறம் மாறியவுடன் "மருந்தை மாத்திப்போட்டாங்கள்" என்று பயப்படவும் தேவையில்லை. பெட்டி மாறினாலும் உள்ளே அதே மருந்துதான்.

ரனிடிடின் தந்த பாடம்

பக்க விளைவைப் பற்றிய பயம் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. ரனிடிடின் 1981இல் வந்து, உலகத்தில் மிக அதிகமாக விற்ற மருந்துகளில் ஒன்றாக இருந்தது. 2019 செப்டெம்பரில், சில ரனிடிடின் குளிசைகளில் என்டிஎம்ஏ என்ற பொருள் இருப்பதாக அமெரிக்க, ஐரோப்பிய மருந்து நிறுவனங்கள் அறிவித்தன. இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனக் கருதப்படும் பொருள். பிரான்ஸிலும் அந்த இலையுதிர் காலத்திலேயே பெட்டிகள் மருந்துக்கடைகளில் இருந்து திருப்பி எடுக்கப்பட்டன. 2020 ஏப்ரலில் அமெரிக்கா எல்லா ரனிடிடினையும் சந்தையில் இருந்து அகற்றச் சொன்னது. அதே மாத இறுதியில் ஐரோப்பிய நிறுவனமும் விற்பனையை இடைநிறுத்தப் பரிந்துரைத்தது.

ரனிடிடின் மூலக்கூறே காலம் போகப்போகவும் சூட்டிலும் உடைந்து என்டிஎம்ஏயைத் தரக்கூடியது. மருந்துத் தொழிற்சாலை சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும். சூடான அறையில் மாதக்கணக்கில் கிடந்து, பயணப்பெட்டியில் கடல் கடந்து வரும் அட்டையை நினைத்துப் பாருங்கள். இந்தியா 2022 செப்டெம்பரில் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்து ரனிடிடினை நீக்கியது. பட்டியலில் இருந்து நீக்குவது தடை அல்ல. அதனால் அங்கே கடைகளில் தொடர்ந்து விற்கப்பட்டது. முன்பு ரனிடிடின் எடுத்தவர்கள் இப்போது பீதியடைய வேண்டியதில்லை. அதை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகப் பின்வந்த பெரிய ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. ஆனால் வீட்டில் பழைய அட்டை இருந்தால் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரான்ஸில் மருந்துக்கடைகள் பழைய மருந்தை வாங்கிக்கொள்ளும்.

ரனிடிடின் போனபின் அதை எடுத்த பலர் "பிரசோல்" குடும்பத்துக்கு மாறினார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றியே இப்போது வட்ஸ்அப் பேசுகிறது.

எது உறுதி, எது சந்தேகம்?

"பிரசோல்" குளிசையை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்குச் சில விளைவுகள் வரலாம் என்பது உண்மை. இரத்தத்தில் மக்னீசியம் குறையலாம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு. கால் பிடிப்பு, நடுக்கம், இருதயத் துடிப்பில் தடுமாற்றம் அதன் அடையாளங்கள். வைட்டமின் பி12 குறையலாம். நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தும் பி12ஐக் குறைக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்து எடுக்கும் எங்கள் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். மச்சம் சாப்பிடாதவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். வயிற்றோட்டத்தைத் தரும் குடற்தொற்றுகள் சற்றுக் கூடும். அரிதாகச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி வரலாம். வயதானவர்களில் எலும்பு முறிவோடும் தொடர்பு காணப்பட்டதால், அமெரிக்கா 2010இல் அது பற்றிய எச்சரிக்கையை மருந்துத்தாளில் சேர்த்தது.

மறதிநோய், நாட்பட்ட சிறுநீரக நோய் பற்றிய செய்திகள் வேறு வகை. இந்தக் குளிசை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, எடுத்தவர்களில் நோய் கூட இருந்தது என்று சொன்ன ஆய்வுகள் அவை. குளிசை எடுப்பவர்கள் ஏற்கெனவே கூடிய நோயுள்ளவர்களாக இருப்பார்கள் என்பதால், குளிசைதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லமுடியாது. 2019இல் வெளிவந்த ஒரு பெரிய பரிசோதனையில் 17,598 இருதய நோயாளர்களுக்கு, குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குப் பான்டோபிரசோலும் மற்றப் பாதிப்பேருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து, சராசரியாக மூன்று வருடம் பார்த்தார்கள். குடற்தொற்று மட்டும் 1.0 சதவீதத்தில் இருந்து 1.4 சதவீதமாகக் கூடியது. சிறுநீரக நோய், மறதிநோய், எலும்பு முறிவு ஆகியவற்றில் அப்படியான வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வருடம் பதினொரு வருடம் ஆகாது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆக, குரல்பதிவு சொல்வது போல இது விஷமும் அல்ல, பலர் நினைப்பது போல மிட்டாயும் அல்ல. பிரான்ஸின் உயர் சுகாதார ஆணையம் 2020 நவம்பரில் சொன்ன கணக்கைப் பாருங்கள். 2019இல் இந்நாட்டில் 1 கோடி 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது நால்வரில் ஒருவர், இந்தக் குளிசை எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட பாவனைக்கு நியாயமான காரணம் இல்லை என்றது ஆணையம். சாதாரண நெஞ்செரிவுக்கு இது நான்கு வார மருந்து. உணவுக்குழாயில் புண் இருந்தால் எட்டு வாரம். பதினொரு வருடத்துக்கு ஒரு காரணம் வேண்டும்.

நிறுத்தினால் எரிவது ஏன்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பம்புகள் அடைபட்டிருக்கும்போது உடம்பு, அமிலம் போதவில்லை என்று நினைத்து, சுரக்கச் சொல்லும் கட்டளையைக் கூட்டிக்கொண்டே இருக்கும். குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனை பம்பும் ஒன்றாகத் திறக்கும். முன்பு இருந்ததைவிடக் கூடுதலாக அமிலம் பாயும்.

டென்மார்க்கில் 2009இல் வெளியான ஒரு பரிசோதனை இதைக் காட்டியது. நெஞ்செரிவே இல்லாத 120 ஆரோக்கியமான மனிதர்களில் பாதிப்பேருக்கு எட்டு வாரம் எஸோமெப்பிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிவும் புளித்த ஏவறையும் வந்தன. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் அது 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கு, குளிசையை நிறுத்தியதே நோயைத் தந்தது.

மாமாவின் வியாழக்கிழமை இரவு இதுதான். அவர் அதை "எனக்கு வருத்தம் முற்றிவிட்டது" என்று எடுத்துக்கொண்டார். வேறு சிலர் "ஆயுள் முழுக்க இந்தக் குளிசை இல்லாமல் முடியாது" என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் பிழை. இந்த எரிவு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

ஆகவே குறைப்பதென்றால் படிப்படியாக, வைத்தியரோடு பேசி. முதலில் அரை அளவுக் குளிசைக்கு மாறுவது: ஒமெப்பிரசோல் 20 என்றால் 10, பான்டோபிரசோல் 40 என்றால் 20, லன்சோபிரசோல் 30 என்றால் 15. பிறகு ஒன்றுவிட்ட ஒருநாள். பிறகு எரியும் நாளில் மட்டும். இடையில் எரிந்தால் கவிஸ்கொன் போன்ற பாணி மருந்து கைகொடுக்கும். அதில் உப்புச்சத்து உண்டு என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்தாளரிடம் கேட்டு எடுக்கவேண்டும். பெரிய குளிசையைக் கத்தியால் இரண்டாக வெட்டாதீர்கள். இந்தக் குளிசைகளின் மேற்பூச்சு இரைப்பை அமிலத்தில் இருந்து மருந்தைக் காப்பாற்றுவதற்கானது. வெட்டினால் மருந்து வேலை செய்யாது.

எடுக்கும் நேரமும் முக்கியம். பம்புகள் சாப்பாட்டுக்காக விழிக்கும் நேரத்தில்தான் மருந்து அவற்றைப் பிடிக்கும். அன்றைய முதல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடவேண்டும். இரவு வேலை செய்து மதியம் எழும்புபவருக்கு, எழும்பியபின் சாப்பிடும் முதல் சாப்பாடுதான் கணக்கு. படுக்கப் போகும்போது போட்டுவிட்டு, "மருந்து சரியில்லை, மாத்தித் தாங்கோ" என்று கேட்பவர்கள் பலர்.

மாற்றுவதற்கு உண்மையான காரணங்கள்

ஒரு "பிரசோலில்" இருந்து இன்னொரு "பிரசோலுக்கு" மாறினால் மக்னீசியம், பி12, எலும்பு பற்றிய கவலை அதிகம் மாறாது. அது முழுக் குடும்பத்துக்கும் பொதுவானது. ஆனால் மாற்றவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும் குளோபிடோகிறெல், அதாவது பிளவிக்ஸ், ஈரலில் மாற்றமடைந்தபின்தான் வேலை செய்யும். ஒமெப்பிரசோலும் எஸோமெப்பிரசோலும் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. அமெரிக்கா 2009இலும் ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2010இலும் இவற்றைச் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்லின. பான்டோபிரசோல் இதில் மிகக் குறைவாகவே தலையிடும்.

எவர் தானாக நிறுத்தவே கூடாது? அஸ்பிரின், குளோபிடோகிறெல் போன்ற இரத்தக்கட்டித் தடுப்பு மருந்துகளைச் சேர்த்து எடுப்பவர்கள், முன்பு வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள், மூட்டுவலிக்கு இபுபுரொஃபென் வகை மருந்தை நீண்ட காலம் எடுக்கும் வயதானவர்கள், உணவுக்குழாயில் கடும் புண் அல்லது திசுமாற்றம் உள்ளவர்கள். இவர்களுக்கு இந்தக் குளிசை இரத்தக்கசிவில் இருந்து காவல் நிற்கிறது, அல்லது புண் திரும்பாமல் காக்கிறது.

மாமா நிறுத்தியது அந்தக் காவலைத்தான். அவர் போடவேண்டிய குளிசை ஒமெப்பிரசோலும் அல்ல, குளிசை இல்லாமலும் அல்ல. வைத்தியர் அவருக்குப் பான்டோபிரசோல் எழுதினார்.

ஊரில் இருந்து வரும் பை

சென்னையில் இருந்து வந்த அட்டையிலும் பான்டோபிரசோல்தானே இருந்தது என்று கேட்பீர்கள். அதில் டொம்பெரிடோனும் சேர்ந்து இருந்தது. இந்தியாவில் "டி", "டிஎஸ்ஆர்" என்ற எழுத்துகளோடு முடியும் அமிலக் குளிசைகள் பலவற்றில் இந்தக் கூட்டு உண்டு. டொம்பெரிடோன் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியது. அதனால் 2014இல் ஐரோப்பா அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், நாளுக்கு மூன்று தடவை 10 மில்லிகிராமுக்கு மேற்படாமல், வழக்கமாக ஒரு வாரத்துக்கு உட்பட்டு என்று கட்டுப்படுத்தியது. நெஞ்செரிவுக்கும் வயிற்று ஊதலுக்கும் கொடுக்கும் அனுமதியை எடுத்துவிட்டது. இருதய நோயாளர் பலருக்கு அது கூடவே கூடாது. மாமா அதை "பக்க விளைவு இல்லாத ஊர் மருந்து" என்று போட்டார்.

ஊரில் இருந்து அனுப்புபவர்கள் அன்பில் அனுப்புகிறார்கள். அந்த அன்பை வாங்கிக்கொண்டு, அட்டையை மட்டும் மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள்.

வைத்தியரிடம் என்ன கேட்பது?

எங்களில் பலருக்குப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். அவசரத்தில் "வயிறு எரியுதாம்" என்பதோடு கதை முடிந்துவிடும். புதுப்பிக்கும் ஓர்டோனான்ஸில் அதே வரி மறுபடி வரும். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், ஊர் மருந்து உட்பட, ஒரு பையில் கொண்டுபோங்கள். இரண்டு கேள்வி போதும். "பூர்குவா ஜெ ப்ரான் ஸெ மெடிகமான்?" இந்த மருந்தை நான் ஏன் எடுக்கிறேன்? "எஸ்க் ஜெ பு திமினுவே?" குறைக்கலாமா?

வருடக்கணக்கில் எடுப்பவர் மக்னீசியம், பி12 பார்க்கவேண்டுமா என்றும் கேட்கலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைப் பார்த்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த அவுஸ்திரேலியர்கள் பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் நாடுகளில் சிறுவயதிலேயே தொற்றும் கிருமி இது. இருந்தால் அன்டிபயோட்டிக்கோடு கூடிய சிகிச்சையால் ஒழிக்கலாம். மூச்சுப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் "பிரசோல்" எடுக்கக்கூடாது. எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். அந்த இடைவெளியையும் வைத்தியர் சொல்லித்தான் விடவேண்டும்.

விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், இரத்தசோகை இருந்தால் குளிசையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வைத்தியரிடம் போகவேண்டும். இன்னொன்று, எங்கள் ஆட்கள் "வாய்வு" என்று சொல்லி இஞ்சி குடித்துப் படுத்த நெஞ்சுவலி சில வேளை மாரடைப்பாக இருக்கும். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் 15 அல்லது 112 இலக்கத்துக்கு அழையுங்கள்.

மாமா இப்போது பான்டோபிரசோல் எடுக்கிறார். எதற்காக என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார். வேலை முடிந்து வந்ததும் சாப்பிடாமல், கடையிலேயே பத்து மணிக்கு முன் சாப்பிட்டுவிடுகிறார். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களின் கீழ் இரண்டு மரக்கட்டை. மாமிக்கு அந்தக் குளிசை எடுக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. வைத்தியர் அரை அளவுக்குக் குறைத்தார். நடுவில் மூன்று வாரம் எரிந்தது. இது வரும், போகும் என்று முன்பே தெரிந்ததால் பொறுத்துக்கொண்டார். இப்போது அவருக்குக் குளிசை இல்லை.

ஒரே வீடு, ஒரே பெட்டி. ஒருவர் நிறுத்தக்கூடாதவர், மற்றவர் எடுக்கத் தேவையில்லாதவர். குரல்பதிவை அனுப்பியவருக்கு இது எப்படித் தெரியும்?